கிரவுன் ஆயில்: சிந்தெடிக்கா, மினரலா?

கேள்வி: தேனியில் பொலேரோ ஓட்டுகிறேன், சார். பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியான கிரவுனுக்கு 80டபிள்யூ-90 மினரல் போதும் என்கிறார் மெக்கானிக். கடைக்காரர் 75டபிள்யூ-90 சிந்தெடிக்கைக் காட்டுகிறார்.

பதில்: எதை வாங்கினாலும் மேனுவலில் சொன்ன ஜிஎல் தரம் (அழுத்தத்தில் பல்லை ஆயில் எவ்வளவு காக்கும் என்பதற்கான குறியீடு) டப்பாவில் இருக்க வேண்டும். பின்பக்கக் கிரவுனுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5. கிரவுன் பல்சக்கரமும் அதைச் சுழற்றும் சிறிய பினியனும் உருளும்போதே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் பல்லைக் காப்பது ஆயிலில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம். அது மினரலிலும் உண்டு.

75, 80 என்பவை குளிரில் ஆயில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதற்கான எண்கள். 75டபிள்யூவை மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூவை மைனஸ் 26லும் சோதிக்கிறார்கள். தேனியில் அதற்கு வேலையே இல்லை. சூடேறிய பிறகு இரண்டின் தடிமன் எண்ணும் 90தான்.

ஆனால் லோடு ஏற்றிக்கொண்டு அடிக்கடி போடிமெட்டு ஏறுகிற வண்டி என்றால் சிந்தெடிக்கே போடுங்கள். தொடர்ந்த சூட்டில் மினரலைவிட அது மெதுவாகத்தான் கெடும். மற்றபடி ஊருக்குள் ஓடுகிற வண்டிக்கு மினரல் போதும், கெடு தவறாமல் மாற்றினால்.

கேள்வி: என் ஸ்விஃப்டில் கிரவுன் ஆயில் மாற்றியதே இல்லையே, அண்ணா?

பதில்: முன்சக்கர இழுவை வண்டி அது. கிரவுன் இருக்கும் டிஃபரென்ஷியல் பகுதி கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ஆயில். மேனுவலில் ஜிஎல்-4 என்று மட்டும் இருந்தால், "ஐந்து இன்னும் உசத்தி" என்று யார் சொன்னாலும் ஜிஎல்-5 ஊற்ற விடாதீர்கள். கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்படுத்தும் பித்தளை சின்க்ரோ ரிங்கை அது அரித்துவிடலாம்.

கேள்வி: மழை வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓட்டிவிட்டேன். அடுத்த சர்வீஸ் வரை விடலாமா?

பதில்: விடாதீர்கள். சூடான ஹவுசிங் (கிரவுன் இருக்கும் கூடு) தண்ணீரில் சட்டென்று குளிரும்போது பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாக நீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உடனே வடியுங்கள். மலிவான மினரலை ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு நல்ல ஆயிலை நிரப்புங்கள். பிரீதரையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அது அடைத்தால் சீல் கசியும். அப்புறம் ஒன்று: வடிக்கும் முன்பே ஊற்றும் பிளக் கழல்கிறதா பார்த்துவிடுங்கள். வடித்த பிறகு அது இறுகிக் கிடந்தால் வண்டி நகராது.

கேள்வி: அறுபதில் போகும்போது பின்னால் ஊளைச் சத்தம். சிந்தெடிக் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்காது. முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். குறையாமல் இருந்தால் பேரிங் போயிருக்கலாம், அல்லது பல் தேய்ந்திருக்கலாம். வடிகிற பிளக்கின் காந்தத்தில் மை மாதிரி பசை ஒட்டியிருப்பது சகஜம். விரலில் குத்துகிற துணுக்கு வந்தால் ஹவுசிங்கைத் திறந்தே ஆக வேண்டும்.