வீட்டுக்குள் இருக்கும் காற்று: கேள்விகளும் பதில்களும்

கட்டடங்களில் காற்றோட்டத்தை அளந்து சரிசெய்வது என் வேலை. வீட்டுக்குள் காற்று கெடுவதைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. மூச்சுத்திணறல், மருந்து பற்றியெல்லாம் உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

ரம்யா: மேடம், ஏர் பியூரிஃபையர் வாங்கப் போகிறோம். எப்படித் தேர்ந்தெடுப்பது?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். ஆனால் வரிசையில் இது மூன்றாவதாக வர வேண்டியது. முதலில் அழுக்கு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்து அதை நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாததை வெளியே தள்ள வேண்டும். அப்புறமும் மிஞ்சுவதைத்தான் வடிகட்ட வேண்டும். பெட்டன்கோஃபர் என்ற ஜெர்மன் சுகாதார அறிஞர் 1858-லேயே இதைச் சொல்லிவிட்டார்: அறைக்குள் சாணக் குவியல் கிடந்தால் காற்றோட்டம் வைத்து நாற்றத்தைப் போக்கப் பார்க்காதீர்கள், குவியலை அள்ளுங்கள் என்று.

அள்ளிவிட்டீர்கள், அதற்குப் பிறகும் தேவைப்படுகிறது என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஹெபா ஃபில்டர். 0.3 மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஃபில்டருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். ‘ஹெபா போன்றது’ என்று போட்டிருந்தால் அது ஹெபா இல்லை. இரண்டு, பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்ற எண் இருக்கும், நிமிடத்துக்கு எத்தனை கன அடி சுத்தமான காற்று கிடைக்கும் என்பது. அறையின் பரப்பு சதுர அடியில் எவ்வளவோ, அதில் மூன்றில் இரண்டு பங்காவது இந்த எண் இருக்க வேண்டும். 150 சதுர அடி அறைக்கு 100. கூரை உயரமாக இருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். முழு வேகத்தில் அளந்த எண் அது. சத்தம் தாங்காமல் குறைந்த வேகத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள்.

ஹெபா பிடிப்பது துகளை மட்டும். வாயுக்கள் அதைத் தாண்டிப் போய்விடும். கூடவே வரும் மெல்லிய கரி ஃபில்டர் கொஞ்ச நாளிலேயே நிரம்பிவிடும். ஓசோன் விட்டுச் சுத்தம் செய்யும் கருவிகள் பக்கமே போகாதீர்கள். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும். போதாததற்கு, எலுமிச்சை வாசனை கொண்ட பொருள்களோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும்.

கதிரேசன்: பிஎம் 2.5 என்கிறார்களே, எவ்வளவு இருந்தால் ஆபத்து?

2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள். மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அளவைக் குறைத்தது: ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், ஒரு நாள் சராசரி 15. இதற்குக் கீழே ஒன்றுமே ஆகாது என்று அர்த்தம் இல்லை, குறையக் குறைய நல்லது. ஒரு வாணலியில் எண்ணெய் புகையும் வரை காய்ந்தால் அந்த நேரத்துக்கு எண் நூறைத் தாண்டிவிடும், அதைப் பார்த்து அலறவும் வேண்டாம். அது எத்தனை நேரம் அறையில் தங்குகிறது என்பதைப் பாருங்கள்.

ஷாஹிதா: அக்கா, கேஸ் அடுப்பை மாற்றி இண்டக்ஷன் வாங்கினால் சமையலறைக் காற்று சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். கேஸ் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். ஆஸ்துமா இருப்பவர்களை, அதுவும் குழந்தைகளை, அது படுத்தும். இண்டக்ஷனில் அது இல்லை. ஆனால் வறுப்பதிலும் பொரிப்பதிலும் வரும் புகையும் எண்ணெய்த் துகளும் எந்த அடுப்பானாலும் வரும்.

அதனால் அடுப்பை விட முக்கியம் சிம்னி. உங்கள் சிம்னியின் குழாய் வெளியே போகிறதா என்று முதலில் பாருங்கள். நிறைய வீடுகளில் அது வெளியே போவதே இல்லை. காற்றை உறிஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. வாயுவும் ஈரமும் அப்படியே இருக்கும். அதற்கு ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் எவ்வளவோ மேல். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே போடுங்கள், சமையல் முடிந்தும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். புகை வரும் சமையலைப் பின்பக்கத்து பர்னரில் வையுங்கள். முன்பக்கத்துப் புகை சிம்னிக்குத் தப்பி உங்கள் முகத்துக்கு வரும்.

விறகு, கரி, மண்ணெண்ணெய் வைத்து வீட்டுக்குள் சமைப்பவர்கள் நிலை வேறு. வீட்டுப் புகையால் 2020-இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அங்கே ஃபேன் பற்றிப் பேசுவதை விட எரிபொருளை மாற்றுவதுதான் வழி. அது முடியாத வரை, அடுப்பைத் திறந்த வெளிக்கு நகர்த்துவதும் விறகை நன்றாகக் காயவைப்பதும் கொஞ்சம் உதவும்.

முருகானந்தம்: குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது. குளித்து முடிக்கும்போது சில நாள் தலை சுற்றுகிறது. வெளியே வந்தால் சரியாகிவிடுகிறது. இரத்த அழுத்தக் குறைவாக இருக்குமோ?

ஐயா, இன்றிலிருந்து அந்த கீசரைப் போடாதீர்கள். மற்ற எல்லாக் கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொல்லலாம், இதற்கு முடியாது.

நீங்கள் சொல்வது கார்பன் மோனாக்சைடு போலத்தான் இருக்கிறது. எரிவதற்குப் போதுமான ஆக்சிஜன் கிடைக்காதபோது வரும் வாயு. நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று சாதாரணமாக ஆரம்பிக்கும். அந்த இடத்தை விட்டு வெளியே வந்தால் தெளிவது இதற்கு ஒரு முக்கிய அடையாளம். வீட்டில் ஒரே நேரத்தில் பல பேருக்கு அப்படி வருவது இன்னொன்று. மருத்துவரைப் பாருங்கள், கீசர் விஷயத்தைச் சொல்லி இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் இதைக் காட்டாது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும்.

முருகானந்தம்: மேலே சின்ன ஜன்னல் எப்போதும் திறந்துதான் இருக்கிறது. அது போதாதா?

போதாது. எரியும் கருவி குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும், அதன் புகைக்குழாய் கட்டடத்துக்கு வெளியே திறக்க வேண்டும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் எரிதல் சரியில்லை. ஆனால் நீலமாக எரிகிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிடக் கூடாது. படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். இந்த வாயுவை ஏர் பியூரிஃபையர் எதுவும் பிடிக்காது.

மற்றவர்களுக்கும் இது: கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர்காயக் கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ ஓட்டக் கூடாது, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும்.

தேன்மொழி: புது அலமாரி வந்ததிலிருந்து கண் எரிகிறது. எத்தனை நாளில் போகும்?

பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப், பிளைவுட் இவற்றை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசியும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை இதை 2004-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. முதல் சில மாதங்களில்தான் அதிகம் வரும், அப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் வரலாம். வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். அதனால் வெயில் நேரத்தில் மூடிய அறையில்தான் எரிச்சல் உச்சத்தில் இருக்கும். அலமாரிக் கதவுகளையும் ஜன்னலையும் நன்றாகத் திறந்து போடுங்கள். முடிந்தால் சில வாரம் யாரும் படுக்காத அறையில் வையுங்கள். அறுத்த ஓரங்களும் பின்பலகையும் மூடாமல் இருந்தால் அங்கிருந்துதான் நிறைய வரும், அவற்றை லேமினேட் பட்டை ஒட்டி மூடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது குறைந்த உமிழ்வுச் சான்று உள்ள பலகையா என்று கேளுங்கள்.

பிரவீன்: அக்கா, செடி வைத்தாலே இதெல்லாம் போய்விடும் என்று நாசாவே சொல்லியிருக்கிறதே?

தம்பி, 1989-இல் வந்த அந்த ஆய்வு உண்மைதான். ஆனால் அது சின்ன, காற்றுப் புகாத பெட்டிகளில் செய்தது. உங்கள் வீட்டில் கதவிடுக்கிலும் ஜன்னலிலும் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. 2019-இல் இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டியிருக்கும் என்று வந்தது. அப்புறம் வீட்டில் நீங்கள் எங்கே நிற்பீர்கள்? அழகுக்காக வளருங்கள், அதில் தப்பே இல்லை. தொட்டியில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

சுமதி: பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. ப்ளீச் போட்டுத் துடைத்தேன், மேலே பெயிண்ட்டும் அடித்தேன். திரும்பி வந்துவிட்டது.

வரத்தான் செய்யும், தண்ணீர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பூஞ்சையின் விதைகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு, அவற்றை ஒழிக்க முடியாது. ஈரத்தை ஒழிக்கலாம்.

முதலில் ஈரம் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள். கசிவு என்றால் ஒரு இடத்தில் தொடங்கிப் பரவும், மழைக்குப் பிறகோ பக்கத்துக் குழாய் ஓடும்போதோ கூடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் என்றால் சுவரின் அடியில் பட்டையாகத் தெரியும், உப்புப் பூக்கும். மூன்றாவது வகை, அறையின் ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராக மாறுவது. பீரோவுக்குப் பின்னால் மட்டும், மூலையில் மட்டும் வந்தால் பெரும்பாலும் இதுதான். பீரோவைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை போகும். துணியை அறைக்குள் காயப்போடும் பழக்கம் இருந்தால் லிட்டர் கணக்கில் தண்ணீர் காற்றில் ஏறுகிறது என்று பொருள். ஈரப்பதமானி ஒன்று வைத்துப் பாருங்கள். 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 30-லிருந்து 50-க்குள் இருந்தால் நல்லது. ஈரப்பதம் குறைந்தால் தூசு உண்ணிகளும் குறையும், அது கூடுதல் லாபம்.

ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம். என்95 மாஸ்க், கையுறை, சோப்புத் தண்ணீர் போதும். தேய்த்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும், அதனால் கொல்வதை விட எடுப்பதுதான் முக்கியம். அதற்கும் மேல் பரவியிருந்தால் ஆள் வைத்துச் செய்யுங்கள். எந்த வகைப் பூஞ்சை என்று பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வார்கள், பெரும்பாலும் வீண் செலவு. எந்த வகையானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். இனி எங்காவது நனைந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்காது.

ப்ளீச் பற்றி இன்னொன்று. அதை அம்மோனியா உள்ள திரவத்தோடோ, வினிகர் போன்ற அமிலத்தோடோ, கழிப்பறை கழுவும் ஆசிடோடோ கலக்கவே கூடாது. ஒன்றில் குளோரமைன் வரும், மற்றவற்றில் குளோரின். இரண்டுமே நச்சு வாயு.

ஜெரோம்: படுக்கையறையில் ஏசி போட்டுத் தூங்கினால் காலையில் தலை கனமாக இருக்கிறது. ஏசி காற்றைச் சுத்தம் செய்கிறது அல்லவா?

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, இருக்கிற காற்றையே குளிரவைத்துச் சுற்றுகிறது. அதன் வலை முடியையும் பெரிய தூசியையும் பிடிக்கும், அவ்வளவுதான். வெளியே கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம்முக்குச் சற்று மேல் இருக்கிறது, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்குக்குச் சற்று மேல். இரண்டு பேர் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு தூங்கும் சின்ன அறையில் விடியும்போது 2000-ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த அளவு விஷமில்லை, ஆனால் காற்று மாறவில்லை என்பதற்கு நல்ல அடையாளம். 1000-க்குள் இருக்கட்டும் என்ற கணக்கும் அந்தப் பெட்டன்கோஃபர் போட்டதுதான். கதவை ஒரு கையளவு திறந்து வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

லதா: கொசுவர்த்தி, ஊதுவத்தி, மெழுகுவர்த்தி, ரூம் ஸ்பிரே, இதில் எது மோசம்?

கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு அளந்தது. மூடிய அறையில் இரவு முழுக்க அது எரிவதை நினைத்துப் பாருங்கள். ஜன்னலுக்கு வலை, படுக்கைக்குக் கொசுவலை. ஊதுவத்தியும் மெழுகுவர்த்தியும் எரிகிறவைதான், எரிகிற நேரம் ஜன்னல் திறந்திருக்கட்டும். ரூம் ஸ்பிரே நாற்றத்தை எடுப்பதில்லை, அதன் மேல் இன்னொரு ரசாயனத்தைப் பூசுகிறது. பாச்சை உருண்டையும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும். நாப்தலின் உருண்டை வைத்த துணியைக் குழந்தைக்கு அப்படியே போடாதீர்கள், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு இரத்த அணுக்கள் சிதையும்.

ஹரிணி: மாமனார் பால்கனியில் நின்றுதான் புகைக்கிறார். கைக்குழந்தை இருக்கிறது. பரவாயில்லையா?

வீட்டுக்குள் புகைப்பதை விட மேல், ஆனால் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். வேறொரு அறை, ஃபேன், ஜன்னல், பியூரிஃபையர் எதுவும் புகையிலைப் புகையை முழுதாக நீக்காது. சட்டையிலும் சோபாவிலும் படிந்தது பிறகும் கசியும். குழந்தையைத் தூக்கும் முன் சட்டை மாற்றி, கை கழுவட்டும். மருமகள் சொல்வதை விடக் குழந்தையின் மருத்துவர் சொன்னால் எடுபடும் என்றால் அவரையே சொல்ல வையுங்கள்.

நடராஜன்: ரேடான் என்று ஏதோ படித்தேன். பயப்பட வேண்டுமா?

அளந்து பாருங்கள், பயம் அப்புறம். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் வரும் கதிரியக்க வாயு இது. தரை விரிசல் வழியாக ஏறி நிலவறையிலும் தரைத்தளத்திலும் தங்கும், மேல்மாடிகளில் பொதுவாகக் குறைவு. புகைக்காதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதற்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று. கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கீழே வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று மாதம் போல வைத்து எடுக்கும் அளவி நம்பகமானது. அதிகமாக இருந்தால் தரைக்கு அடியில் குழாய் விட்டு, ஃபேன் வைத்து வெளியே உறிஞ்சிவிடலாம்.

அன்வர்: வெளியிலேயே காற்று மோசம். ஜன்னலைத் திறந்தால் நல்லதா கெட்டதா?

நேரம் பார்த்துத் திறங்கள். சாலைப் பக்கத்து ஜன்னலை வண்டி நெரிசல் நேரத்தில் சாத்துங்கள், மறுபக்கத்து ஜன்னலைத் திறங்கள். புகைமூட்டமான நாளில் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, வறுப்பது பொரிப்பதைத் தள்ளிப்போட்டு, பியூரிஃபையரை ஓட்டலாம். ரம்யா கேட்ட கருவி உண்மையில் உழைப்பது அந்த நாளில்தான். ஆனால் கேஸ் ஏதாவது எரிந்துகொண்டிருந்தால் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

மீனா: சின்ன அளவிக் கருவிகளை நம்பலாமா?

பிஎம் 2.5, கார்பன் டை ஆக்சைடு, ஈரப்பதம் மூன்றுக்கும் ஓரளவு நம்பலாம். ஈரம் மிகுந்த நாளில் துகள் எண்ணை மட்டும் கூட்டிக் காட்டும். கார்பன் டை ஆக்சைடுக்கு என்.டி.ஐ.ஆர். சென்சார், அதாவது அகச்சிவப்பு ஒளியை வைத்து அந்த வாயுவையே நேராக அளக்கும் சென்சார், இருக்கிறதா என்று பாருங்கள், மற்றவை பெரும்பாலும் ஊகித்துத்தான் எண்ணைக் காட்டுகின்றன. மலிவான கருவிகளில் ஃபார்மால்டிஹைடு என்று தனியாக ஒரு எண் வரும், அதை நம்பாதீர்கள். கைக்குத் தடவும் சானிடைசரை அருகே கொண்டுபோனாலே அது எகிறும்.