'பிறகு பார்க்கலாம்' என்பவருக்கு என்ன தீர்ப்பு?

கேள்வி: என் தகப்பனாருக்கு வயது 68. ஞாயிறுதோறும் அம்மாவை ஆலய வாசலில் ஸ்கூட்டரில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிரிலுள்ள டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இயேசுவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றால், "பிறகு பார்க்கலாம்மா" என்பார். அவர் நரகத்துக்குத்தான் போவார் என்று ஜெபக்குழுவில் ஓர் அக்கா சொல்லிவிட்டார். அன்புள்ள தேவன், அழைப்பை மறுத்ததற்காக இப்படித் தண்டிப்பாரா?
— ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: சகோதரி, அந்த அக்கா தமக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். ஆனால், அவர் பேச்சு உங்களை வருத்தியது என்பதற்காக வேதம் சொல்வதை நான் குறைத்துச் சொல்லவும் கூடாது.

தேவன் உலகத்தில் அன்புகூர்ந்ததைச் சொல்லும் யோவான் 3:16ஐ மனப்பாடமாகச் சொல்லும் நம்மில் பலர் 18ஆம் வசனம்வரை போவதில்லை. விசுவாசியாதவன் "ஆக்கினைத்தீர்ப்புக்குட்பட்டாயிற்று", அதாவது தண்டனைத் தீர்ப்புக்குள்ளாகிவிட்டான், என்கிறது அது. 'உட்படுவான்' என்று இல்லாமல் 'உட்பட்டாயிற்று' என்று இருப்பதைக் கவனியுங்கள். பாவத்தினால் மனிதன் ஏற்கெனவே நிற்கிற இடத்திலிருந்து அவனைத் தூக்கிவிட நீட்டப்பட்ட கையை அவன் தட்டிவிட்டால், அதே இடத்தில்தான் நிற்பான். லூக்கா 14ஆம் அதிகாரத்து விருந்தில் நடப்பதும் இதுவே. பத்திரிகை வாங்கிக்கொண்டவர்கள், பந்தியில் இலை போட்டபின் ஆள் வந்து கூப்பிடும்போது, வயல் வாங்கினேன், ஏர்மாடு வாங்கினேன், பெண்ணை விவாகம்பண்ணினேன் என்று சாக்குச் சொல்கிறார்கள். வீட்டெஜமான் கோபமடைகிறார், ஆனாலும் அவர்களை அடிக்க ஆள் அனுப்பவில்லை. அவர்கள் தம் விருந்தை ருசிபார்ப்பதில்லை என்கிறார், அவ்வளவே. அவர்கள் கேட்டதே அவர்களுக்குக் கிடைத்தது.

இந்த இழப்புக்கு முடிவு உண்டா என்பதில் சபைகள் ஒருமனதாக இல்லை. மத்தேயு 25:46 சொல்லும் 'நித்திய ஆக்கினை' முடிவில்லாத வேதனை என்று பெரும்பாலான சபைகள் போதிக்க, ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் அதை முற்றிலும் அழிந்துபோவதாகக் கொள்கிறார்கள். நான் முந்தின போதனையில் வளர்ந்தவன். அதைப் பிரசங்கிக்கும்போது குரல் தடுமாறாத போதகரை நான் நம்புவதில்லை.

உங்கள் தகப்பனாரின் வார்த்தைக்கு வருகிறேன். அப்போஸ்தலர் 24இல், கைதியாயிருந்த அப்போஸ்தலன் பவுல் இனிவரும் நியாயத்தீர்ப்பைக் குறித்துப் பேசுகையில் தேசாதிபதியாகிய பேலிக்ஸ் பயமடைந்து, "இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்றான். பிறகு அநேகந்தரம் அழைத்துப் பேசவும் செய்தான். பணம் கிடைக்குமென்ற எண்ணமும் அதில் இருந்தது. இப்படி 2 வருஷம் சென்றது. அவன் மறுபடியும் பயந்ததாக, இந்நூலையும் எழுதிய லூக்கா எழுதவில்லை. தள்ளிப்போடுகிறவனுக்கு இம்மையிலேயே நேரும் விளைவு இது என்றே நான் நினைக்கிறேன்: கேட்டுக் கேட்டுக் காது பழகிவிடுகிறது.

ஆனால், உங்கள் தகப்பனார் பேலிக்ஸ் அல்லர். இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கிய கள்ளன் கடைசி மணிநேரத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்க, டீக்கடை பெஞ்சில் இருப்பவரின் முடிவை ஜெபக்குழு எழுதிவிட முடியாது. அடுத்த ஞாயிறு நீங்களும் அந்த பெஞ்சில் சற்று நேரம் உட்காருங்கள். நரகத்தைப் பற்றிப் பேச வேண்டாம். எது அவரை வாசலோடு நிறுத்துகிறது என்று மட்டும் கேளுங்கள். பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள்.