தம்புராவை நிறுத்திவிட்டு நாலு கார்ட்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை, வயது 27. சிறுவயதில் தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்தேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை, சில கீதங்கள் வரை பாடம் ஆனது. போன வருடம் போனஸ் பணத்தில் பழைய கீபோர்டு ஒன்று வாங்கினேன், 61 கட்டை. ராக் பியானோ வாசிக்க வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்து ஆசை.

ஓர் அட்டையைப் பார்த்து மேஜர், மைனர், செவன்த் என்று, மூன்று நாலு சுரத்தைச் சேர்த்து அடிக்கும் 36 கார்ட் மனப்பாடம் செய்துவிட்டேன். தனித்தனியாக அடித்தால் நன்றாக இருக்கிறது. வரிசையாக அடித்தால் பாட்டாக வரவில்லை. எஃப் மேஜரும் ஜி மேஜரும் வந்தாலே காதில் கசக்கிறது. வாத்தியார் பழக்கியபடி ஃபோனில் தம்புரா போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். சுருதி ஒரு கட்டை. ஐந்தாம் கிரேடு தியரி முடிக்காமல் கார்ட் பக்கம் போகாதே என்கிறார் ஒரு நண்பர். தியரி படித்தால் ராக் வராது என்கிறார் இன்னொருவர். "நமக்கெதுக்குடா அதெல்லாம்" என்கிறார் அம்மா. அவர் இன்னமும் பஜனையில் ஐந்து கட்டையில் பாடுகிறவர். கர்நாடக சங்கீதம் பழகிய காதுக்கு இது ஏறாதா ஐயா?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தத் தம்புராவை நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் பாதிக்கு அதுதான் பதில்.

தம்புராவில் ஒலிப்பது சட்ஜமும் பஞ்சமமும். ஒரு கட்டை சுருதி என்றால் கீபோர்டின் சியும் ஜியும். சி மேஜர் என்பது ச, க, ப. தம்புராவோடு ஒட்டிக்கொள்ளும். ஜி மேஜர் ப, நி, ரி. அந்த நிஷாதத்துக்கு அடுத்த கட்டையிலேயே தம்புராவின் சட்ஜம் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது, இரண்டும் உரசுகின்றன. எஃப் மேஜர் ம, த, ச. மத்தியமத்துக்கும் தைவதத்துக்கும் நடுவில் பஞ்சமம் புகுந்து நிற்கிறது. கசக்காமல் என்ன செய்யும்? அதைக் கசப்பென்று கண்டுகொண்ட காது நல்ல காது. குறை காதில் இல்லை.

நம் கச்சேரியில் சட்ஜம் அசையாது. பாடுகிறவர் எங்கே போனாலும் பின்னால் அது இருந்துகொண்டே இருக்கும், இருக்கவும் வேண்டும். கார்ட் வைத்து நடக்கிற இசையில் கீழே இருக்கும் தரையே நகரும். ஜிக்குப் போகும்போது சட்ஜம் கொஞ்ச நேரம் காதில் விழவே கூடாது. அதற்காகக் காது ஏங்க வேண்டும். ஏங்கியபின் சி வந்தால்தான் வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். ஆரோகணம் பாடி மேல் நிஷாதத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அந்தச் சட்ஜத்தை அவர்களே பாடி முடித்துவிடுவார்கள். ஜி கார்டுக்குள் இருக்கும் நிஷாதம் செய்கிற வேலை அதுதான். சரளி வரிசை பாடிய உங்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. சட்ஜம் ஒலிக்காமல் இருக்குமே தவிர, இடம் மாறாது. எஃப் கார்ட் அடிக்கும்போது எஃபையே புதுச் சட்ஜமாக நினைக்க ஆர்மோனியம் வாசித்த கை ஆசைப்படும். வேண்டாம். அது மத்தியமத்தில் நிற்கிற கார்ட், அவ்வளவுதான்.

இனி அந்த 36 கார்ட். கோலா கங்சார், தைப்பிங், ஈப்போ என்று ஊர்ப்பெயர் எல்லாம் தெரிந்து பஸ் எங்கே ஏறுவது என்று தெரியாமல் இருப்பதுபோல இருக்கிறது உங்கள் நிலை. அட்டையில் எல்லாக் கார்டும் அதற்குப் பெயர் தரும் அடிச்சுரத்திலிருந்து தொடங்கும். அதனால் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கி வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். கை தாவுகிறது, பாட்டு அறுந்துபோகிறது.

வலது கையை இப்படி வையுங்கள். கட்டை விரல் மத்திய சிக்குக் கீழே இருக்கும் ஜியில், நடுவிரல் மத்திய சியில், சுண்டுவிரல் அதற்கு மேல் ஈயில். ப, ச, க. இதுவும் சி மேஜர்தான், சுரங்கள் வரிசை மாறி உட்கார்ந்திருக்கின்றன. இப்போது கட்டை விரலை மட்டும் ஜியிலிருந்து ஏவுக்கு நகர்த்துங்கள். த, ச, க. ஏ மைனர் வந்துவிட்டது. ஒரே ஒரு விரல்! அடுத்து சுண்டுவிரலை மட்டும் ஈயிலிருந்து எஃபுக்கு. த, ச, ம. எஃப் மேஜர். அடுத்ததில்தான் மூன்று விரலும் இறங்கும்: ஏ ஜியாக, சி பியாக, எஃப் டியாக. ப, நி, ரி. ஜி மேஜர். அங்கிருந்து ஜியை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற இரண்டும் ஒரு படி ஏறினால் மறுபடி சி மேஜர். 1950களின் அமெரிக்கப் பாட்டுகள் பல இந்த நாலு கார்டில், இதே வரிசையில் சுற்றின.

மெதுவாகச் செய்யுங்கள். மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 தட்டு வைத்து, கார்டுக்கு நாலு எண்ணிக்கை. ஒரு சுற்று 16 வினாடி, 15 சுற்று நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தை நிறுத்தாமல், தப்பு வந்தாலும் திரும்பப் போகாமல் வாசிக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்து குளிக்கப்போகும் முன் இதைச் செய்தால் போதும்.

நான் பழகியது எங்கள் தோட்டத்து மண்டபத்தில். துரைமாரின் கிளப்பை மூடியபோது அங்கே கிடந்த பியானோவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டிருந்தார்கள். ஒரு காலைக் கரையான் தின்றிருந்தது, கீழே செங்கல் முட்டுக்கொடுத்திருந்தோம். மழைக்காலத்தில் மரம் ஊதிவிடும். நவம்பர் வந்தால் மத்திய சிக்கு அடுத்த டி கட்டை அழுத்தினால் எழும்பாது. நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும், அதற்குள் பாட்டு போய்விடும். அதனால் அந்த இரண்டு மாதமும் ஜி கார்டை டி இல்லாமல், ஜியும் பியும் மட்டும் அடித்தேன். பாடுகிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஒருநாள் பி கட்டையும் சிக்கிக்கொண்டது. டியை நெம்பிக்கொண்டு ஜி, டி மட்டும் அடித்தேன். பாடிக்கொண்டிருந்த அக்கா நிறுத்திவிட்டுத் திரும்பினார். "தம்பி, இது சோகப் பாட்டா, சந்தோசப் பாட்டா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தியரி புரிந்தது. அடிச்சுரத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே நிற்கிற சுரம்தான் கார்டின் குணத்தைத் தீர்மானிக்கிறது. அடிச்சுரத்தை விட்டு, அதற்கு அடுத்த கட்டையிலிருந்து கறுப்பு, வெள்ளை இரண்டையும் எண்ணி நாலாவது கட்டை என்றால் மேஜர், மூன்றாவது கட்டை என்றால் மைனர். நமக்கு அது அந்தர காந்தாரம், சாதாரண காந்தாரம். அட்டை இல்லாமல் 12 மேஜரும் 12 மைனரும் இந்த ஒரு எண்ணிக்கையில் வந்துவிடும். ராக் கிட்டாரிஸ்டுகள் டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கும்போது காந்தாரத்தை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள், அந்த இரைச்சலில் அது சேறாகிவிடும் என்பதால். அடிச்சுரமும் பஞ்சமமும் மட்டும். அதற்குப் பவர் கார்ட் என்று பெயர். கிட்டார் அப்படி வாசிக்கும் பாட்டில் சந்தோசமா சோகமா என்று சொல்லும் பொறுப்பு பியானோவுக்கு வருகிறது. காந்தாரத்தை அழுத்தமாகக் கொடுங்கள்.

இடது கைக்கு ஒரே வேலை, அடிச்சுரம். சி, ஏ, எஃப், ஜி. ஒற்றை விரலால் தொடங்கி, பழகியபின் சுண்டுவிரலும் கட்டை விரலுமாக ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் அடிக்கலாம். முழுக் கார்டைக் கீழே கொண்டுபோகாதீர்கள். கீழ்ஸ்தாயியில் மூன்று சுரம் நெருக்கமாகச் சேர்ந்தால் வெறும் உறுமல்தான் மிஞ்சும். 1985இல் கல்யாண விருந்துகளுக்கு வாசிக்கப் போன எங்கள் குழுவில் நான் இரண்டு கையிலும் கனமாகக் கார்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பேஸ் கிட்டார்க்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பாட்டு முழுவதும் என் இடது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். அன்றைக்குத்தான் முதன்முறையாக எங்கள் குழு நன்றாக ஒலித்தது.

தாளத்தில் உங்களுக்கு ஒரு பழக்கம் மாற வேண்டும். பஜனையில் கைதட்டு முதல் எண்ணிக்கையில் விழும். ராக்கில் முதல் எண்ணிக்கையில் இடது கை இறங்கும், ஆனால் அடி இரண்டிலும் நாலிலும், ஸ்நேர் டிரம் விழுகிற இடத்தில். நாலு கார்டையும் பாடிக்கொண்டு இரண்டிலும் நாலிலும் காலைத் தட்டிப் பாருங்கள். முதல் வாரம் கால் தடுமாறும். வந்துவிடும்.

வலது கை நடையை நம் சொற்கட்டிலேயே சொல்லிவிடலாம். எண்ணிக்கைக்கு மூன்று அடி, தகிட தகிட தகிட தகிட என்று போனால் நியூ ஆர்லியன்ஸ்காரர் ஃபேட்ஸ் டாமினோவின் நடை. எண்ணிக்கைக்கு இரண்டு, தக தக தக தக என்று விடாமல் அடித்தால் லிட்டில் ரிச்சர்ட். இவர்கள் வந்தது கறுப்பின மக்களின் புளூஸிலிருந்தும் தேவாலயப் பாட்டிலிருந்தும். புளூஸுக்கு 12 பார் (நாலு எண்ணிக்கை ஒரு பார்) சுற்று ஒன்று உண்டு: சி நாலு பார், எஃப் இரண்டு, சி இரண்டு, ஜி ஒன்று, எஃப் ஒன்று, சி இரண்டு. மூன்றையுமே செவன்த் ஆக அடியுங்கள். சி செவன்த் என்பது ச, க, ப, அதோடு கைசிக நிஷாதம், ஹரிகாம்போஜி ராகத்தின் நிஷாதம். அட்டையில் நீங்கள் மனப்பாடம் செய்த செவன்த் எல்லாம் இங்கேதான் பயன்படும். இன்னொன்றும் உண்டு. பியானோவில் சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் கிடையாது, ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் எதுவுமில்லை. புளூஸ்காரர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். சி கார்ட் அடிக்கும்போது ஈக்கு முந்திய கறுப்புக் கட்டையைத் தொட்டு, அதே விரலை ஈயில் வழுக்கி இறக்குவது. சாதாரண காந்தாரத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஒரு சறுக்கல். இதைச் செய்துபாருங்கள். கர்நாடகக் காது உங்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்று கையே சொல்லும்.

கிரேடு விஷயம். ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் தேர்வுகளில் ஆறாம் கிரேடும் அதற்கு மேலும் எழுதப் போகிறவர்களுக்குத்தான் ஐந்தாம் கிரேடு தியரி போன்ற ஒன்று முன்நிபந்தனை. கார்ட் தொடுவதற்கு எந்த நிபந்தனையும் இல்லை. தியரி படித்தால் ராக் வராது என்பதும் வெறும் பேச்சு. ஒலியைக் கேட்டபிறகு அதன் பெயரைத் தெரிந்துகொண்டால் தியரி உதவும். பெயரை முதலில் படித்துவிட்டு ஒலியைத் தேடிப் போனால் 36 கார்ட் மாதிரி ஆகிவிடும். இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய முறையை ஒழுங்காகப் படித்தவர். படிப்பு அவருக்கு எதையும் குறைத்துவிடவில்லை.

அம்மாவிடம் பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்களைப் பற்றிச் சொல்லுங்கள். டேவிட் ஆறுமுகமும் 2007இல் மறைந்த லோகநாதனும். அலிகேட்ஸ் என்ற பெயரில் மலாய் மொழியில் அவர்கள் பாடியதை இந்த நாடே பாடியது. நம்மவர்கள்தான்.

ஆனால் பேச்சைவிட நல்லது, அம்மா பாட நீங்கள் வாசிப்பது. ஐந்து கட்டை என்கிறீர்கள், அதாவது ஜி. கீபோர்டில் சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தொடாதீர்கள். சி, ஏ மைனர், எஃப், ஜி என்று பழகியதைச் சுரமாகப் பாருங்கள்: ச, த, ம, ப. ஒன்று, ஆறு, நாலு, ஐந்து. மேற்கத்திய வாத்தியக்காரர்களும் இப்படி எண்களில்தான் பேசிக்கொள்கிறார்கள். சட்ஜத்தை எந்தக் கட்டையிலும் வைக்கலாம் என்று சிறுவயதிலேயே படித்தவர் நீங்கள், அவர்களில் பலருக்கு அது பின்னால்தான் வருகிறது. ஜியைச் சட்ஜமாக வைத்தால் ஜி, ஈ மைனர், சி, டி. இரண்டு கார்ட் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. ஒரே கறுப்புக் கட்டை, எஃப் ஷார்ப், டி கார்டில் மட்டும் வரும்.

சங்கராபரணத்தில் அமைந்த எளிய பஜனையாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், கமகம் குறைவாக இருக்கட்டும். கமகம் நிறைந்த ராகத்துக்குக் கார்ட் போடப் போனால் ராகமும் கெடும், கார்டும் கெடும். பாட்டு சட்ஜத்தில் வந்து அமரும் இடங்களில் ஜி, அதற்கு முந்திய இடத்தில் டி. மற்றதை அம்மா பாடப் பாடக் கேட்டுப் பொருத்துங்கள். பொருந்தாத இடத்தில் அவரே முகம் சுளிப்பார், அதை நம்பலாம்.

மாதம் ஒன்று போகட்டும். ஃபோனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள், தம்புரா இல்லாமல்.

அன்புடன்