பருவகால நீர்வரத்தைக் கணிக்க ஐந்து மாடல்கள் இருந்தால், சிறந்த ஒன்றை எடுப்பதா, ஐந்தையும் கலப்பதா?

கலந்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன் அந்த ஐந்தும் எதை வைத்துக் கணிக்கின்றன என்று பாருங்கள். இதை நான் கற்றுக்கொண்டது அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில்.

அந்த ஆற்றுத் தண்ணீரில் பெரும்பகுதி ராக்கி மலைப் பனி உருகி வருவது. சுமார் 4 கோடி பேர் அதை நம்பியிருக்கிறார்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை, அந்த ஆற்றை அணை கட்டித் தேக்கிய பவல் ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைக் குளிர்காலத்திலேயே கணிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு. ஒன்று புள்ளிவிவர வழி: மலைமேல் உள்ள ஸ்னோடெல் நிலையங்கள் காட்டும் பனியளவுக்கும் முந்தைய ஆண்டுகளின் வரத்துக்கும் உள்ள தொடர்பைப் பிடிப்பது. மற்றது, மண்ணும் பனியும் ஓடையும் இயங்கும் விதத்தைக் கணினியில் நடத்திப் பார்ப்பது. இன்றைய மண் ஈரத்தையும் பனியையும் தொடக்கமாக வைத்து, 1991-ன் வானிலையைக் கொடுத்தால் எவ்வளவு, 1992-ஐக் கொடுத்தால் எவ்வளவு என்று முப்பது ஆண்டுகளையும் ஓட்டினால் முப்பது விடைகள் கிடைக்கும். அந்த விரிவுதான் கணிப்பு.

2021-ல் பனி இயல்பைவிடச் சற்றுத்தான் குறைவு. ஆனால் அந்த நான்கு மாதங்களில் பவல் ஏரிக்கு வந்தது சராசரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முந்தைய ஆண்டின் வறட்சியில் காய்ந்து கிடந்த மண் உருகிய நீரைக் குடித்துவிட்டது, வசந்தமும் வறண்டே போனது. மாணவனாக இருந்தபோது நான் சேர்த்து வைத்திருந்த ஐந்து மாடல்களையும் அந்த ஆண்டில் சோதித்தேன். கணக்குமுறை ஐந்து விதம், ஆனால் எல்லாவற்றுக்கும் தீனி அதே பனித் தரவு. ஐந்தும் ஒரே பக்கமாகத் தவறின. அவை ஒத்துப்போனதைத்தான் நான் உறுதி என்று நம்பியிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. மண் ஈரத்தைக் கணக்கில் எடுக்கும் ஒரு மாடலாவது இருந்திருந்தால், கலவை குறைந்தபட்சம் சந்தேகத்தையாவது காட்டியிருக்கும்.

எடைகளைப் பற்றி, அதாவது கலவையில் ஒவ்வொரு மாடலுக்கும் தரும் பங்கைப் பற்றி: சிறந்த மாடலுக்கு அதிக எடை தரத்தான் தோன்றும். ஆனால் நாற்பது ஆண்டுத் தரவு என்றால் ஆண்டுக்கு ஒன்றாக நாற்பது புள்ளிகள்தான். அதில் முதலிடம் பெற்ற மாடல் நிஜமாகவே சிறந்ததா, அதற்கு அதிர்ஷ்டம் வாய்த்ததா என்று பிரித்தறிவது கடினம். அதனால்தான் எல்லாவற்றுக்கும் சம எடை தரும் எளிய சராசரியைத் தோற்கடிப்பது இவ்வளவு சிரமமாக இருக்கிறது. நான் சம எடையில் தொடங்கி, வலுவான காரணம் இருந்தால் மட்டும் கொஞ்சம் விலகுவேன். எடையைச் சரிபார்க்கும்போது எந்த ஆண்டைக் கணிக்கிறீர்களோ அந்த ஆண்டை மாடலைப் பயிற்றும் தரவிலிருந்து கட்டாயம் விலக்குங்கள்.

இன்னொன்று, நடு எண்களை மட்டும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒவ்வொரு மாடலின் முழு விரிவையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்குங்கள். ஒரு மாடல் வெள்ளம் என்கிறது, மற்றது வறட்சி என்கிறது என்றால், நடுவில் கிடைக்கும் 'இயல்பான ஆண்டு' எந்த மாடலும் சொல்லாத ஒன்று. அணையைத் திறப்பவருக்குத் தெரிய வேண்டியது அந்த இரண்டு முனைகளும்தான்.