மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடு 1 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. சேர்ந்த மாத்திரையைக் காலை, இரவு போடுகிறேன். கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.4. ஐடிஐயில் என்னோடு படித்த நண்பர்கள் கோவையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வருகிறார்கள். வெள்ளி இரவு பாரிமுனையில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்), சனி மாலை சௌகார்பேட்டை, ராத்திரி ஒருவன் வீட்டு மொட்டைமாடியில் சரக்கு, ஞாயிறு விடியற்காலையில் காசிமேட்டில் மீன் வாங்கி வந்து சமையல். இதுதான் திட்டம். ‘குடிக்கிற நாளில் மாத்திரை ஆகாது, ரெண்டு நாள் நிறுத்திடு’ என்கிறான் ஒரு நண்பன். மனைவியோ போகவே வேண்டாம் என்கிறார். என்ன செய்யட்டும்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் மாத்திரையை நிறுத்த வேண்டாம். நிறுத்தவோ குறைக்கவோ வேண்டியது சனி ராத்திரிச் சரக்கைத்தான்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. கிளிமிபிரைடும் மதுவும் சேரக்கூடாதவைதான். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். சாப்பிடாத நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரித்து ஈடுகட்டும். குடித்திருக்கும்போது அந்த வேலை தடைபடுகிறது. அதனால் ஆபத்து குடிக்கும் நேரத்தோடு முடிவதில்லை, பல மணி நேரம் கழித்தும் வரலாம். வறுத்த கடலையையும் சிப்ஸையும் கொறித்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்த்து, ஒரு மணிக்குப் படுக்கிறீர்கள் என்று வையுங்கள். மூன்று, நான்கு மணிக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். வியர்வை, நடுக்கம், உளறல், எழுப்பினால் எழாமை என்று எல்லாம் போதை மாதிரியே தெரியும். ‘மச்சான் மப்புல இருக்கான், தூங்கட்டும்’ என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போவார்கள். எனக்குக் கவலை அங்கேதான்.

அதற்காக மாத்திரையை விட்டால் சரியாகுமா? ஜிலேபியும் பிரியாணியுமாகப் போகும் இரண்டு நாளில் மாத்திரையும் இல்லையென்றால் சர்க்கரை மேலே ஏறும். தாகமும் அடிக்கடி சிறுநீரும் உடம்பை வற்றவைக்கும், மதுவும் அதையே செய்யும். அளவுக்கு மீறிக் குடித்தால் மெட்ஃபார்மினும் தொல்லை தரும். ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் ஐசியூ வரை போகும்.

குடிக்காமல் இருப்பதே நல்லது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் சொல்லிவிட்டது. கேட்க மாட்டேன் என்றால், 30 மி.லி. பெக் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். ஒரு குவார்ட்டரில் அப்படி ஆறு இருக்கிறது, ‘கட்டிங்’கில் மூன்று. பீர்தானே என்று நினைக்காதீர்கள், 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டிலே மூன்று பெக்கைத் தாண்டும். கலக்குவதற்குக் கோலா வேண்டாம், தண்ணீரோ சோடாவோ போதும். முதலில் சாப்பாடு, பிறகுதான் கிளாஸ். மாத்திரை வழக்கம்போல அந்தச் சாப்பாட்டோடு. படுக்கும் முன் குளுக்கோமீட்டரில் ஒரு முறை பாருங்கள். 100-க்குக் கீழே என்றால் இரண்டு இட்லியோ, ஒரு டம்ளர் பாலும் பிஸ்கட்டுமோ சாப்பிடாமல் படுக்க வேண்டாம்.

குடிக்காத ஒரு நண்பரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். உளறினாலோ வியர்த்தாலோ முதலில் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிறதென்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். அத்தோவில் பெரிய பயமில்லை. அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த ருசி, வெளியூர் நண்பர்களுக்கு அதைக் காட்டாமல் எப்படி? நூடுல்ஸைப் பாதியாக்கி முட்டைக்கோஸைக் கூட்டச் சொல்லுங்கள். கூடவே வறுத்த வெங்காயமும் பூண்டும் திணித்த முட்டை பேஜோ ஒன்றோ இரண்டோ. முட்டை வயிற்றை நிறைக்கும், சர்க்கரையை ஏற்றாது. வாழைத்தண்டு சூப்பை எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுவார்கள், ரத்த அழுத்தம் இருந்தால் உப்பை நினைத்து ஒரு கிண்ணத்தோடு விடுங்கள்.

சௌகார்பேட்டைதான் உங்களுக்குச் சோதனை. மின்ட் தெருவில் ஜிலேபி, பாதாம் பால், லஸ்ஸி, பாவ் பாஜி, முறுக்கு சாண்ட்விச் என்று பத்தடிக்கு ஒரு கடை. எல்லாவற்றையும் வாங்குங்கள், ஆனால் ஐந்து பேருக்கு ஒரு பிளேட். ஜிலேபியில் உங்கள் பங்கு ஒரு சுற்று. லஸ்ஸி நண்பர்களுக்கு, உங்களுக்கு உப்பு மோர். அந்தச் சந்துகளில் வண்டி நுழையாது, நடந்துதான் ஆக வேண்டும். சர்க்கரைக்கு அது நல்லதே. பானிபூரித் தண்ணீரும் வெளி ஐஸும் மட்டும் வேண்டாம்.

ஞாயிறு காலை வெறும் வயிற்றோடு வண்டியை எடுக்காதீர்கள். முதலில் சர்க்கரையைப் பார்த்து, ஏதாவது சாப்பிட்டுக் கிளம்புங்கள். தேதி எழுதவில்லை நீங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது வந்தால் பெரிய மீன் வரத்து குறைவாகத்தான் இருக்கும். செவுள் சிவந்திருக்கிறதா, கண் பளபளப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி வாங்கினால் வெட்டியதும் ஐஸில் போட்டுவிடுங்கள். இவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் உருவாகும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, அரித்து, தலைவலிக்கும். ‘மீன் அலர்ஜி’ என்று பலர் நினைப்பது இதைத்தான். மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, மீன் குழம்பும் வறுவலும் உங்களுக்கு ஏற்ற சாப்பாடுதான், சோற்றை மட்டும் ஒரு கரண்டி குறையுங்கள். யூரிக் அமிலம் அதிகம் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் இறாலும் பீரும் ஒன்றாக வேண்டாம்.

வயிறு கெட்டால் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டை அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். வீட்டில் மிஞ்சிய மெட்ரோனிடசோல் என்ற பேதி மாத்திரையைத் தானாக எடுத்துப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. முந்தைய இரவு குடித்திருந்தால் அது வாந்தியைக் கூட்டலாம். வாந்தியும் பேதியுமாகச் சாப்பிடவே முடியாமல் போனால் மட்டும் சர்க்கரை மாத்திரையைத் தொடராமல் உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

ஒன்று எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்திருக்கிறதா, பாதம் மரத்துப் போகிறதா, சர்க்கரை இறங்கி முன்பு எப்போதாவது மயங்கியிருக்கிறீர்களா? ஒன்றுக்காவது ‘ஆமாம்’ என்றால் மேலே சொன்ன இரண்டு பெக்கும் உங்களுக்குக் கிடையாது. மொட்டைமாடிக்குப் பன்னீர் சோடா வேண்டாம், அதில் சர்க்கரை அதிகம். உப்புப் போட்ட எலுமிச்சை சோடா வாங்கிக்கொள்ளுங்கள்.