'தாழ்மையாயிரு' என்று வாயை அடைக்கலாமா?

கேள்வி: கட்டட நிதிக்குச் சேர்ந்த காணிக்கை என்ன ஆயிற்று என்று சபையின் ஆண்டுக் கூட்டத்தில் கேட்டேன். மூப்பர் ஒருவர் எழுந்து, "பிரதர், முதலில் தாழ்மை வேண்டும். பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார்" என்று வசனம் சொல்லி என்னை உட்காரவைத்துவிட்டார். பல வருடமாகத் தாழ்மையோடு ஊழியம் செய்கிறவன் நான். தாழ்மைதான் கிறிஸ்தவனின் பலம் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். குனியக் குனியக் குட்டுவதைத்தானே நான் பார்க்கிறேன்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மூப்பர் சொன்ன வசனத்தில் பிழை இல்லை. 1 பேதுரு 5:5. ஆனால் அதற்கு முன்னால் நான்கு வசனங்கள் இருக்கின்றன. அவற்றை அவர் எப்படித் தாண்டிப் போனார் என்றுதான் தெரியவில்லை. அந்த அதிகாரமே மூப்பர்களுக்கான புத்திமதியோடுதான் ஆரம்பிக்கிறது. ஆதாயத்துக்காக மந்தையை மேய்க்காதீர்கள், இறுமாப்பாய் ஆளாதீர்கள், மந்தைக்கு மாதிரியாயிருங்கள் என்று முதலில் அவர்களை உட்காரவைத்துவிட்டுத்தான் பேதுரு இளைஞர் பக்கம் திரும்புகிறார். அந்த ஐந்தாம் வசனத்திலேயும், 'நீங்களெல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்து' மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள் என்றுதான் இருக்கிறது. கேள்வி கேட்கிறவன் மட்டும் அணிந்துகொள்ள வேண்டிய உடுப்பு என்று எங்கேயும் இல்லை.

தாழ்மையை நாம் நமக்குத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். கையில் அதிகாரம் உள்ளவர், அது இல்லாதவரைப் பார்த்து 'தாழ்மையாயிரு' என்று சொன்னால், 'சும்மாயிரு' என்பதைத்தான் கொஞ்சம் பக்தியாகச் சொல்கிறார்.

காணிக்கைக் கணக்கு விஷயத்தில் பவுல் என்ன செய்தார் என்று பாருங்கள். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காக அவர் பல சபைகளில் பணம் சேர்த்தார். அப்போஸ்தலர் அவர். 'என்னையே சந்தேகப்படுகிறீர்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொரிந்து சபையார் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். (கொரிந்து சபையாரைப் பற்றி நாம் அறிந்தவரை, ஒருவேளை திறந்திருப்பார்கள். அது வேறு கதை.) அவர் என்ன செய்தார்? தம் உடன் ஊழியர் தீத்துவோடு இன்னொரு சகோதரனையும் அனுப்பினார். அந்தச் சகோதரன் பவுல் பொறுக்கியெடுத்த ஆள் அல்ல, சபைகள் தெரிந்தெடுத்த ஆள். காரணத்தையும் 2 கொரிந்தியர் 8-இல் வெளிப்படையாகவே எழுதுகிறார்: இந்தப் பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டும் அல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க விரும்புகிறோம். யாரும் கேட்பதற்கு முன்பே கணக்கைப் பிறர் கண்ணுக்கு முன்னால் வைத்துவிடுகிற மனிதனிடம் நான் தாழ்மையைப் பார்க்கிறேன். 'கர்த்தருக்குத் தெரியும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறவரிடம் அது எனக்குத் தெரிவதில்லை.

நீங்கள் கேட்ட பலமும் இதில்தான் இருக்கிறது. காப்பாற்ற வேண்டிய கௌரவம் ஒன்று தலைமேல் இருந்தால் ஒவ்வொரு கேள்வியும் நமக்கு அடியாக விழும். அந்தச் சுமை இல்லாதவனை அசைப்பது கஷ்டம். மோசேயின் தலைமையை எதிர்த்துக் கோராகு கூட்டம் சேர்த்துக்கொண்டு வந்தபோது மோசேக்குக் கோபம் வந்தது, மிகவும் வந்தது. ஆனால் அவர் என்ன சொல்கிறார்? இவர்களிடமிருந்து ஒரு கழுதையைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார் (எண்ணாகமம் 16). இத்தனைக்கும் பூமியிலேயே மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்று அதே புத்தகம் 12-ஆம் அதிகாரத்தில் சொல்லும் மனிதர் அவர். அந்தப் புத்தகத்தை மோசேயே எழுதினார் என்பது பாரம்பரியம் என்பதால், இந்த ஒரு வசனம் உரையாசிரியர்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. தன் தாழ்மையைத் தானே எழுதுவது யாருக்குமே சிக்கலான வேலை.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 'பல வருடமாகத் தாழ்மையோடு ஊழியம் செய்கிறவன்' என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். கணக்கு கேட்க உங்களுக்கு அந்தத் தகுதிப் பத்திரம் எதற்கு? போன மாதம் ஞானஸ்நானம் எடுத்தவருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இருக்கிறது. உங்களுக்கு வலித்தது கணக்கு வராததாலா, இத்தனை வருடம் உழைத்த உங்களை நாலு பேர் முன்னால் உட்காரவைத்ததாலா? இரண்டும் கலந்துதான் இருக்கும், மனிதர்தானே. ஆனால் அடுத்த முறை எழுந்து நிற்பதற்கு முன் இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதையும் சேர்த்துக்கொண்டு போனால் பேச்சு கணக்கை விட்டுவிட்டு உங்களைப் பற்றியதாகிவிடும். மூப்பருக்கும் அதுதான் சௌகரியம்.

குனிந்தால் குட்டுவார்கள் என்கிறீர்கள். குட்டுவார்கள்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. பிரதான ஆசாரியன் முன்பாக இயேசுவைக் கட்டி நிறுத்தியிருந்தபோது அங்கே நின்ற சேவகன் ஒருவன் அவரை அறைந்தான். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர் அங்கே என்ன செய்தார் என்று யோவான் 18-இல் வாசியுங்கள். அவர் திருப்பி அடிக்கவில்லை, சாபம் இடவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டு பேசாமலும் இருக்கவில்லை. நான் தப்பாகப் பேசியிருந்தால் அதை எடுத்துக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். கட்டுண்டு நின்றவர் கேட்ட கேள்வி அது. அடித்தவன் சொன்ன பதில் எதுவும் சுவிசேஷத்தில் இல்லை. அதே இரவில் சற்று முன்புதான் இதே இயேசு, பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று அறிந்தவராகவே எழுந்து, சீலையைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார் என்கிறார் யோவான். தம்மை இன்னார் என்று அறிந்தவருக்குக் குனிவதும் கஷ்டமில்லை, நிமிர்ந்து கேட்பதும் கஷ்டமில்லை.

துறவு மடங்களில் தாழ்மை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிவதுதான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூல் தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகளைச் சொல்கிறது. படித்தால் நமக்கு மூச்சு முட்டும். அதே நூல், முக்கியமான விஷயம் வந்தால் மடத்தலைவர் எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும், இளையவர்களுக்கும் ஆண்டவர் நல்லதை வெளிப்படுத்துவதுண்டு என்கிறது. தன்னால் முடியாத வேலையைத் தலையில் கட்டினால், ஏன் முடியாது என்று பொறுமையாகத் தலைவரிடம் எடுத்துச் சொல்லவும் சகோதரனுக்கு இடம் தருகிறது. கேட்பதும் சொல்வதும் தாழ்மைக்கு எதிரி என்று பெனடிக்டுக்குத் தோன்றவில்லை.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் அந்த மூப்பரைத் தனியாகப் போய்ப் பாருங்கள். மத்தேயு 18 சொல்கிற வழி அதுதான். ஒருவேளை கணக்கு சரியாகவே இருந்து, கூட்டத்தில் கேட்டதில் அவர் பதறியிருக்கலாம். பதில் வராவிட்டால் கமிட்டிக்கு எழுத்தில் கேளுங்கள். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, ரசீது எங்கே, அவ்வளவுதான். உங்கள் ஊழிய வருடங்கள் அந்தக் கடிதத்தில் வேண்டாம், மூப்பரின் குணமும் வேண்டாம். மறுபடியும் 1 பேதுரு 5-ஐ எடுத்தால், முதல் வசனத்திலிருந்து சேர்ந்து வாசிக்கலாமா என்று கேளுங்கள். குரலை உயர்த்தாமல் கேளுங்கள்.

கணக்கு வந்து, அதில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்று தெரிந்தால், அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, "பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். கேள்வியை எந்த இடத்தில் கேட்டீர்களோ அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.