பழைய லென்ஸைப் பூட்டி வைக்காதீர்கள்: கேள்வி பதில்

நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய லென்ஸ்களை இன்றைய கேமராவில் மாட்டிப் படம் எடுப்பது பற்றி சிங்கப்பூர் நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும் இதோ. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, புது லென்ஸ் ஓரம் வரைக்கும் பளிச்சுன்னு எடுக்குது. ஆட்டோ ஃபோக்கஸ் கண்ணையே தேடிப் பிடிக்குது. அப்புறம் எதுக்கு இந்தப் பழசு? (பாலிடெக்னிக் மாணவர், உட்லண்ட்ஸ்)

தம்பி, கூர்மைதான் வேண்டும் என்றால் புதுசையே வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 மாதிரி ஒரு லென்ஸை ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். குவியத் தூரம் 58 மி.மீ., எஃப்/2 (இந்த எண் சிறுக்கச் சிறுக்க ஒளி நுழையும் துளை பெரிது), உள்ளே ஆறே கண்ணாடி. அந்தத் துளையை, அதாவது அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்தால் நடுவில் முகம் தெளிவாக விழும், பின்னால் இருக்கும் இலைகள் அந்த முகத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் தெரியும்.

இதற்குக் காரணம் உண்டு. படத்தின் ஓரத்துக்குச் சாய்ந்து வரும் ஒளியில் ஒரு பகுதியை லென்ஸின் விளிம்பே மறைத்துவிடுகிறது. நடுவில் முழு வட்டமாக விழும் ஒளிப்பொட்டு, ஓரத்துக்குப் போகப் போக இரண்டு முனையும் கூம்பிய நீள்வட்டமாக ஆகிறது. அந்த நீள்வட்டங்கள் எல்லாம் நடுவைச் சுற்றி வளையம் வளையமாக அமைவதால்தான் கண்ணுக்குச் சுழற்சி தெரிகிறது.

செய்து பார்க்க ஆசையா? காலை வெயில் சாய்வாக இருக்கும்போது பூமலைக்கு (பொட்டானிக் கார்டன்ஸ்) போங்கள். ஆளை ஒன்றரை மீட்டரில் நிறுத்துங்கள். அவருக்குப் பின்னால் நாலைந்து மீட்டரில், இலை இடுக்குகளில் வானம் பொட்டுப் பொட்டாகத் தெரியும் மரமோ புதரோ இருக்க வேண்டும். வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்தினால் ஒன்றும் வராது. பெரிய சென்சர் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில்தான் சுழற்சி நன்றாகத் தெரியும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சர் அந்த ஓரங்களையே வெட்டிவிடும், 58 மி.மீ. அதில் 87 மி.மீ. பார்வைக் கோணத்தைத்தான் தரும்.

லென்ஸ் வடிவமைப்பவர்கள் இந்தக் குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தார்கள். அது அவர்கள் வேலை, அருமையாகவே செய்திருக்கிறார்கள். திருத்தித் திருத்திக் கடைசியில் எல்லா லென்ஸும் ஒரே மாதிரி படம் கொடுக்கிற நிலைக்கு வந்துவிட்டோம். பழசில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது. அது எந்த வெளிச்சத்தில் வெளியே வரும் என்று தெரிந்து, அந்த வெளிச்சத்துக்காகக் காத்திருந்து எடுப்பதில் கிடைக்கிற சந்தோஷத்துக்காகத்தான் நான் இதில் இருக்கிறேன்.

ஹீலியோஸ் ஜெர்மன் லென்ஸைப் பார்த்துச் செஞ்சதுன்னு சொல்றாங்களே, உண்மையா? (செங்காங்)

உண்மைதான். மூலம், யேனா நகரத்து கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2. வடிவமைத்தவர் வில்லி மெர்ட்டே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யேனா சோவியத் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இயந்திரங்களும் பொறியாளர்களும் அங்கிருந்து சோவியத் யூனியனுக்குக் கொண்டுபோகப்பட்டனர். மாஸ்கோ அருகே க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையில் தொடங்கி வேறு ஆலைகளிலும் ஹீலியோஸ் தயாரானது. ஸெனிட் கேமராவோடு சேர்ந்தே விற்றதால் எண்ணிக்கை மிக அதிகம், அதனால்தான் இன்றும் மலிவு.

கையில் எடுத்தால் முன்வளையத்தைப் பாருங்கள். ஒளிக்கதிர் ஊடுருவிப் போகும் பட்டகம் ஒன்று சின்னதாகப் பொறித்திருந்தால் அது க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையில் செய்தது. வரிசை எண் 78 என்று தொடங்கினால் பெரும்பாலும் 1978இல் செய்த லென்ஸ்.

என்னிடம் நிக்கான் டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. ஹீலியோஸ் மாதிரி திருகி மாட்டும் எம்42 லென்ஸை மாட்டினால் தூரத்தில் இருப்பது எதுவும் தெளிவாக வரவில்லை. அடாப்டர் கோளாறா? (கிளமெண்டி)

அடாப்டரைக் குறை சொல்லாதீர்கள், கணக்கே இடிக்கிறது. லென்ஸ் மவுண்டுக்கும் சென்சருக்கும் நடுவே ஒரு நிலையான தூரம் உண்டு. எம்42 லென்ஸுக்கு அது 45.46 மி.மீ. நிக்கான் எஃப் மவுண்டிலோ 46.5 மி.மீ. அதாவது அடாப்டர் மாட்டும் முன்னமே லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, அதனால் முடிவிலிக்கு ஃபோக்கஸ் போகாது. நடுவே கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள், ஆனால் அந்தக் கண்ணாடி லென்ஸின் குணத்தையே கெடுக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன். கேனன் இஎஃப் 44 மி.மீ. என்பதால் அதில் மெல்லிய வளையம் போதும்.

உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்தபிறகுதான் பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு. சோனி இ 18, நிக்கான் ஸெட் 16, கேனன் ஆர்எஃப் 20 மி.மீ. என்று கேமரா அவ்வளவு ஒல்லியாகிவிட்டது. மிச்சத் தூரத்தை வெறும் உலோகக் குழாய் நிரப்பிவிடும். கேமரா மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்ற தேர்வை இயக்க மறக்காதீர்கள். கேமரா உடலிலேயே அதிர்வுத் தடுப்பு இருந்தால் லென்ஸின் மி.மீ. அளவையும் நாமே கொடுக்க வேண்டும்.

அப்பா 1970களில் வாங்கிய கேமராவும் லென்ஸும் தோல் பையோடு அலமாரியிலேயே இருந்தன. இப்போது எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. காப்பாற்ற முடியுமா? (வாசகி, தோ பாயோ)

அக்கா, அது பூஞ்சை. சிங்கப்பூரில் எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பூஞ்சைக்கு வேண்டியது ஈரம், இருட்டு, அசையாத காற்று, கொஞ்சம் தீனி. லென்ஸ்மேல் படிந்த தூசும் விரல் ரேகை எண்ணெயுமே அதற்குத் தீனி. தோல் பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்பா பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் பையில் வைத்திருப்பார். ஆனால் இந்த ஊரில் லென்ஸை வைக்க அதைவிட மோசமான இடம் கிடையாது. முதலில் லென்ஸைப் பையிலிருந்து பிரியுங்கள்.

அடுத்து, அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து, முன்பக்கமிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய இழைகள் மட்டும் என்றால் பழுது பார்ப்பவர் பிரித்துச் சுத்தம் செய்துவிடுவார். நடுவில் நட்சத்திரம் மாதிரி கிளைத்துப் பரவியிருந்தால் கண்ணாடிமேல் பூசிய கோட்டிங் அரித்திருக்க வாய்ப்பு அதிகம். பூஞ்சை சுரக்கும் அமிலம் கோட்டிங்கைத் தின்று கண்ணாடி வரைக்கும் போகும். பூஞ்சையை அகற்றலாம், அந்தத் தடம் போகாது. ஆனாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேசான தடம் சாதாரண வெளிச்சத்தில் படத்தில் தெரியவே தெரியாது. எதிர்வெளிச்சத்தில் மட்டும் படம் கொஞ்சம் வெளிறும். அப்பா கையாண்ட லென்ஸில் அவர் பேரப்பிள்ளைகளைப் படம் எடுக்க அது தடையே இல்லை.

பக்கத்து லென்ஸுக்குத் தொற்றிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, நல்ல லென்ஸின்மேலும் இருக்கும். முளைக்க விடாமல் வைப்பதுதான் நம் கையில் இருக்கிறது. டிரை கேபினெட் (உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) வாங்கினால் 40 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். அதற்குக் கீழே ரொம்ப இறக்கினால் உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்துபோகும். ஒன்றிரண்டு லென்ஸுக்குக் காற்றுப் புகாத உணவு டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி போதும். ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

எல்லாவற்றையும்விட, வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். வாரம் ஒரு முறை வெளிச்சமும் காற்றும் படும் லென்ஸில் பூஞ்சை பிடித்து நான் பார்த்தது அபூர்வம்.

என் பென்டாக்ஸ் சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 டீத்தண்ணி நிறத்துக்கு மாறியிருக்கு. கதிரியக்கம்னு சொல்றாங்க. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கு, பயமா இருக்கு. (பொங்கோல்)

உங்களுடையது ஏழு கண்ணாடி கொண்ட வகை. அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கண்ணாடி இருக்கிறது. நிறச்சிதறலைக் கூட்டாமல் ஒளியை அதிகம் வளைக்க அன்றைக்குத் தோரியம் உதவியது, பல நிறுவனங்கள் பயன்படுத்தின. தோரியம்-232இன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. அவ்வளவு மெதுவாகத்தான் சிதைகிறது. அது வெளியிடும் ஆல்ஃபா துகளை ஒரு தாளே நிறுத்திவிடும். கேமராவில் மாட்டி எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. அந்தக் கண்ணாடியைத் தேய்க்கவோ மெருகேற்றவோ கூடாது, உடைந்தால் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. பிள்ளை விளையாடக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

மஞ்சள் நிறமும் கதிரியக்கத்தால் கண்ணாடிக்குள் உண்டானதுதான். புற ஊதா எல்இடி விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளியும். வெயிலிலும் தெளியும், ஆனால் லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீ மூட்டிவிடும். பின்பக்கம் அலுமினியத் தாளைச் சுற்றாமல் ஜன்னலோரம் வைக்கவே வைக்காதீர்கள்.

எங்கே வாங்கலாம்? எதைப் பார்த்து வாங்கணும்? (பிடோக், ஜூரோங், பாசிர் ரிஸ்)

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டது. இப்போது கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டர்தான். சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து நடந்தே போகலாம். கேரோசெல் இணையச் சந்தையில் வாங்கினால் எம்ஆர்டி நிலையத்தில் நேரில் சந்தித்துச் சோதித்த பிறகே பணம் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

உங்கள் கேமரா, அடாப்டர், டார்ச் மூன்றையும் எடுத்துப் போங்கள். அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்குகிறதா? அந்த எண்ணெய் ஆவியாகி உள்கண்ணாடியில் மூட்டமாகப் படியும். ஃபோக்கஸ் வளையம் ஒரே சீராகச் சுற்றுகிறதா, நடுவில் இடறுகிறதா? முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருப்பதால் ஒன்றும் ஆகாது, பின்கண்ணாடியில் கீறல் என்றால் விட்டுவிடுங்கள். முதல் லென்ஸுக்கு 100 வெள்ளிக்கு மேல் போகாதீர்கள். ஹீலியோஸ் அல்லது டக்குமார் 55 மி.மீ. எஃப்/1.8 போதும்.

விலை ஏறும் என்று வாங்கி வைக்கலாமா? (புக்கிட் பாத்தோக்)

வேண்டாம். இந்த ஈரத்தில் உபயோகிக்காமல் கிடக்கும் லென்ஸின் விலை இறங்கத்தான் செய்யும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அலமாரிக்கு மூன்று லென்ஸ் தாராளம்.

தைப்பூசத்துக்கு மேனுவல் ஃபோக்கஸ் லென்ஸோட போகலாமா? காவடி நிக்காமப் போயிட்டே இருக்குமே. (ஈசூன்)

தாராளமாகப் போகலாம். பகலில் 35 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் வைத்து, ஃபோக்கஸை 5 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஃபுல் ஃபிரேமில் ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலிருந்து முடிவிலி வரை தெளிவாக விழும். லென்ஸின் மேலேயே அதற்கான அளவுகோல் பொறித்திருக்கும். நடுக் குறிக்கு இரண்டு பக்கமும் அந்த எஃப் எண்ணுக்கு உள்ள கோடுகளுக்கு நேரே இருக்கும் தூரங்களைப் படித்தால் போதும். அப்புறம் ஃபோக்கஸை மறந்துவிட்டு முகத்தை மட்டும் பார்க்கலாம். புதுக் கேமராக்காரர் ஃபோக்கஸ் தேடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எடுத்து முடித்திருப்பீர்கள்.

சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து விடியுமுன் கிளம்பும் காவடிகளை எடுக்க எஃப்/2க்குத் திறக்க வேண்டிவரும். அப்போது ஃபோக்கஸ் பீக்கிங்கை (தெளிவாக விழும் விளிம்புகளைத் திரையில் வண்ணத்தில் காட்டும் வசதி) இயக்கி, காவடி எடுப்பவர் வந்து சேரப்போகும் இடத்தில் முன்கூட்டியே ஃபோக்கஸ் வைத்துக் காத்திருங்கள். பழைய ஒற்றைக் கோட்டிங் லென்ஸில் விளக்கு நேராக விழுந்தால் படம் வெளிறும். லென்ஸ் ஹூட் மாட்டுங்கள், இல்லாவிட்டால் கையால் மறையுங்கள். காவடிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றே எடுங்கள். முதுகில் வேல் குத்தியவரின் பின்னால் உரசிக்கொண்டு நடக்காதீர்கள்.

ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்கப் பனி. துடைக்கலாமா? (தெம்பனிஸ்)

துடைக்காதீர்கள். துடைத்தால் தூசு கோட்டிங்கைக் கீறும், ஈரமும் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். கிளம்பும் முன்பே ஸிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். பனி பைக்கு வெளியேதான் படியும்.